இரண்டு பக்கமும் இழுக்கிற தேர்

"மற்றப் பக்கத்து ஆக்கள் எங்கை?"

சுஜன் அண்ணை இதைக் கேட்டது பாரிஸில், லா சப்பல் தெருவின் நடுவில், தேர் நாளன்று. ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. உடைத்த தேங்காய்களின் தண்ணீர் தார் ரோட்டில் ஓடி, வெயிலில் காய்ந்து, செருப்பில்லாத கால்களில் பிசுபிசுவென்று ஒட்டியது. மேலே பாலத்தில் இரண்டாம் நம்பர் மெத்ரோ மெதுவாகப் போனது. உள்ளேயிருந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர் சாப்பாட்டுக் கடையின் குசினியிலிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தார். இடுப்பில் மஞ்சள் கறை பிடித்த ஏப்ரன். கையை அதிலேயே துடைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் வடத்தைப் பிடித்தார். பிடித்த பிடியிலேயே ஆள் இந்த வேலைக்குப் புதியவர் இல்லை என்று தெரிந்தது.

"எந்த மற்றப் பக்கம் அண்ணை?"

"தேரைப் பின்னுக்கு இழுக்கிற ஆக்கள்."

"பின்னுக்கு ஏன் இழுக்கிறது?"

"பின்னை எப்பிடியடா வெல்லுறது?"

எங்களுக்கு முன்னால் வடம் பிடித்திருந்த ஒரு ஐயா திரும்பினார். வெற்று மேனி, கழுத்தில் உருத்திராட்சம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. "தேர் வெல்லுறதோ? உது என்ன குதிரைப் பந்தயமே? விசர்க் கதை கதையாமல் இழுங்கோ."

மணி அடித்தது. வடம் இறுகியது. நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். அந்த நொடியில்தான் எனக்கு மண்டையில் விழுந்தது: தேரை இரண்டு பக்கமும் இழுக்கிற சுஜன் அண்ணையின் ஊரை நான் பார்க்க வேண்டும். பார்த்தால் போதாது, அந்த வடத்தையும் பிடிக்க வேண்டும்.

## வைரவருக்குத் தேரோ?

இந்தத் தொடரை இடையில் கையில் எடுத்தவர்களுக்காக: நான் பாரிஸ் புறநகர் பொண்டியில் வளர்ந்தவன், புவியியல் படித்தவன், படிக்கிற காலத்தில் சனி ஞாயிறுகளில் லா சப்பல் கடையொன்றில் தட்டுத் தூக்கியவன். பெயர் மயூரன். சுஜன் அண்ணை அந்தக் கடையின் தோசைக் கல்லுக்கு அதிபதி. நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊர்க்காரர். அவருடைய பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்ற அவர் விடவில்லை.

அவருடைய தமிழ் குசினியில் பழகிய தமிழ். முதலில் பிடித்த சொற்கள் 'கெதியாய்', 'உப்புக் காணாது', 'மூண்டு மசாலா'. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் திட்டுவதைக் கேட்டுக்கேட்டு மீதியையும் சேர்த்துக்கொண்டார். போனில் கதைத்தால் எங்கள் நெல்லியடி ஆள் என்றுதான் நினைப்பீர்கள்.

தேர் நாளன்று கடை ஓய்ந்த பிறகு, குசினி வாசலில் வெங்காய மூட்டை மேல் இருந்துகொண்டு அவர் விளக்கினார்.

பக்தபூரில் புதுவருடம் நம்முடைய சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. அதற்குச் சில நாள் முன்பு, மூன்றடுக்குக் கூரை போட்ட மரத்தேரில் பைரவரை ஏற்றுகிறார்கள். தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். ஒன்றை மேலூர் ஆட்கள் பிடிப்பார்கள், மற்றதைக் கீழூர் ஆட்கள். நடு முற்றத்தில் தேர். இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் ஆட்கள். சாமி எந்தப் பக்கம் முதலில் போகிறாரோ அந்தப் பக்கத்துக்கு அந்த வருடம் நல்லது.

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"என்ன கேள்வி? மேலூர்!" என்று நெஞ்சில் தட்டினார்.

பைரவர் என்றால் நம்முடைய வைரவர். நாயோடு நிற்கிற அதே ஆள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உழுந்து அரைத்துக்கொண்டிருந்தவர், மிக்ஸியை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார்:

"வைரவருக்குத் தேரோ? அந்தாளுக்கு வடைமாலை போட்டால் காணுமே."

"நான் போய்ப் பாத்திட்டு வாறன்."

"புதுவருசத்துக்குப் பொண்டியில நில்லாமல் பனிமலையில உனக்கு என்ன வேலை?"

"அங்கையும் அண்டைக்குத்தான் அம்மா புதுவருசம்."

மிக்ஸி மறுபடி ஓடத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், போகலாம் என்பது.

## ஷட்டர் விழுகிற சத்தம்

பயணத்துக்கு நான் வரைபடம், பஸ் நேரம், திருவிழாக்களின் பட்டியல் எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தேன். போவது என்றால் ஒரு தேரோடு நிற்பானேன்? இமயமலை அடிவாரத்தில் வசந்தம் முழுக்கத் திருவிழா. இந்தியப் பக்கம் குமாவோனில் தொடங்கி, பக்தபூரில் முடிப்பதாகத் திட்டம்.

சுஜன் அண்ணையிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அப்பாவின்ர கடைக்குப் போ."

அப்பா தயிர் விற்பவர். பக்தபூர்த் தயிர் என்றால் அந்த நாட்டில் பேர் போனது. ஏழு வருடமாக அப்பா அவருடன் கதைப்பதில்லை. காரணம் அந்தத் தேர்தான்.

அவர்கள் பகுதியில் வடத்தின் தலைப்பை, அதாவது முன் நுனியை, ஒரு வீட்டு ஆள் பிடிப்பது வழக்கம். சுஜன் அண்ணையின் வீடுதான் அது. அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு மகனின் முறை வந்தது. அப்பா கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார். தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது மகன், காத்மாண்டுவில் ஒரு அலுவல், பின்னேரம் வந்துவிடுவேன் என்று போனவர், வேறு நாட்டு விமான நிலையமொன்றிலிருந்து போன் எடுத்தார். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அன்றைக்குத்தான் வரச் சொன்னானாம். சொல்லிவிட்டுப் போகத் தைரியம் வரவில்லையாம்.

"அண்டைக்குக் கயித்தின்ர தலைப்பில ஒருத்தரும் நிக்கேல்லை. அப்பா ஒருத்தரையும் விடேல்லை. வெறும் இடம். மேலூர் தோத்துப் போச்சு."

ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கை சரிதா வீடியோவில் வருவார். அப்பா பின்னால் நடமாடுவார். போன் பக்கம் திரும்பமாட்டார். கடைசியில் கடை ஷட்டரை இழுத்து மூடுவார். "அந்தச் சத்தம்தான் தம்பி எனக்கு அப்பா" என்றார் சுஜன் அண்ணை.

அவரால் போக ஏலாது. கையில் வதிவிட கார்ட் இல்லை. போனால் திரும்பி வர வழியில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவருடைய நேர்த்திக்கடனை இன்னொருவர் செய்யலாம். ஒல்னேயில் இருக்கிற என் மாமாவின் காவடியை நல்லூரில் அவருடைய மச்சான் எடுக்கிறார்; மாமா இங்கே வீடியோவில் பார்த்துக் கும்பிடுகிறார். கடவுள் இதுவரை கோபித்ததாகத் தெரியவில்லை.

"நான் உங்களுக்காகப் பிடிக்கிறன் அண்ணை" என்றேன். "தலைப்பில நான் நிக்கிறன். நீங்கள் அனுப்பின ஆள் எண்டு தங்கச்சியைக் கொண்டு அப்பாவிட்டச் சொல்லுங்கோ."

அவர் கல்லில் தண்ணீர் தெளித்தார். ஆவி எழும்பியது. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "மேலூர். மறந்திடாதை. மேலூர்."

நானென்ன, பேரைச் சொன்னால் மறக்கிற ஆளா? நோட்டுப் புத்தகத்தில் பெரிதாக எழுதி இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன்.

## வாசலில் கிடந்த பூ

குமாவோனில் முதல் வாரமே எனக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்தது. அப்போது அது எச்சரிக்கை என்று விளங்கவில்லை.

பங்குனி பிறந்த அன்று விடிய, தங்கியிருந்த வீட்டின் கதவைத் திறந்தேன். நிலைப்படியில் பூக்கள் கிடந்தன. இரத்தச் சிவப்பில் மலைப்பூ, விரல் நுனியளவு மஞ்சள் பூ, பீச் மரத்தின் இளஞ்சிவப்பு இதழ்கள். ஈரம் காயாமல். யாரோ கோயிலுக்குக் கொண்டு போகும்போது கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். பூ நிலத்தில் கிடந்தால், மிதிபட விடலாமா? குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அறைச் சுவரிலிருந்த சாமி படத்தில் வடிவாகச் செருகினேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

கால் மணி நேரத்தில் வாசலில் நான்கு சின்னப் பெண் பிள்ளைகள். கையில் பூக்கூடை. அவர்கள் வைத்த பூவைக் காணவில்லை. ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வீட்டுக்கார அம்மா வந்து அரை இங்கிலீசில் விளக்கினார். வசந்தம் வந்ததும் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் நிலைப்படியில் பூ வைத்து வாழ்த்துவார்கள். நிலைப்படிக்குத்தான் அந்தப் பூ. நான் அந்த வீட்டின் வாழ்த்தைப் பிடுங்கிச் சுவரில் குத்தியிருக்கிறேன்.

ஒவ்வொரு பூவாகத் திரும்பி எடுத்து வைத்தேன். இடுப்பில் கை வைத்தவள் இரண்டை நேராக்கினாள். பிறகு கூடையை நீட்டினாள். வெல்லமும் அரிசியும் கொடுக்க வேண்டுமாம். என்னிடமிருந்தது பாரிஸிலிருந்து கொண்டுபோன சொக்லேட். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஹோலி வந்தது. அல்மோராவில் வர்ணம் பூசுகிறதுக்கு வாரக்கணக்கில் முன்பே ஆண்கள் ஒரு அறையில் வட்டமாக இருந்து பாடுகிறார்கள். மணிக்கணக்காக. உருளைக்கிழங்குக் கறியும் இஞ்சித் தேநீரும் சுற்றிச்சுற்றி வரும். நான் ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கிற பிறவி இல்லை. இரண்டாவது மணித்தியாலத்தில் இரண்டு காலும் விறைத்து, எழும்பப் போய், ஹார்மோனியக்காரரின் மடியில் விழுந்தேன். அவர் பாட்டை நிறுத்தவேயில்லை. ஒரு கையால் வாசித்துக்கொண்டு மறு கையால் என்னைத் தள்ளி இருத்தினார்.

இதெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டியவை. இன்றைக்குத் தேர்.

## "குளிரும்"

பக்தபூரில் வீடுகள் செங்கல் சிவப்பு. பூகம்பத்தில் வெடித்த சுவர்களுக்கு இன்னும் மரம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். தயிர்க்கடை ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவு. உள்ளே மண் சட்டிகள் அடுக்கடுக்காக. சரிதாவை வீடியோவில் பார்த்துப் பழகியதால் உடனே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். அவருடைய இங்கிலீசையும், அவர் மொழிபெயர்த்த அப்பாவின் பேச்சையும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா, இவர்தான் சுஜன் அனுப்பிய ஆள்."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். பெருவிரலால் அழுத்தினார். மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

"என்ன சொல்கிறார்?"

"இன்னும் ஒன்றும் சொல்லவில்லை" என்றார் சரிதா. "அந்தச் சத்தம், தயிர் உறையாத சட்டியைப் பார்க்கும்போது விடுகிற சத்தம்."

நான் அசரவில்லை. பாரிஸில் வருடா வருடம் வடம் பிடிக்கிறவன் என்று சொல்லச் சொன்னேன். படத்தையும் காட்டினேன். அவர் படத்தில் என்னைத் தேடவில்லை. ஓரத்தில் ஏப்ரனோடு நின்ற மகனைப் பெருவிரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நெடுநேரம். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு சட்டித் தயிரை என் முன்னால் தள்ளினார். கரண்டி நட்டால் நிற்கிற தயிர். மேலே மஞ்சள் ஆடை. மண் வாசம்.

"தலைப்பில் நிற்கட்டும்" என்றாராம்.

தேர் நாள் பின்னேரம் நான் ஆயத்தமாகிக் கீழே வந்தேன். சரிதா வாயைப் பொத்திக்கொண்டார். ஊர்ப் பெடியள் எல்லாம் ஜாக்கெட்டும் சப்பாத்துமாக நின்றார்கள். நான் பையில் கொண்டுபோன வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையை இடுப்பில் இறுக்கி, வெற்று மேனியும் வெறுங்காலுமாக, நெற்றியில் மூன்று குறி. தேர் இழுக்கிறதென்றால் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "குளிரும்" என்றார். உதட்டோரம் ஏதோ அசைந்தது.

## நிலத்தில் கிடந்த வடம்

ஐந்தடுக்குக் கோயிலுக்கு முன்னாலிருந்த முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. கூரைகளில் ஆட்கள், ஜன்னல்களில் ஆட்கள். தேரின் மேல் பெடியள் தொங்கினார்கள். சில்லு என் நெஞ்சு உயரம்.

அப்பா நொண்டி நொண்டிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னைத் தலைப்புக்குக் கொண்டுபோனார். என் இரண்டு கையையும் எடுத்து வடத்தில், தான் நினைத்த இடத்தில் வைத்தார். ஏழு வருடம் வெறுமையாயிருந்த இடம். பக்கத்தில் தானும் நின்றார்.

இழுத்தோம். சொல்ல வெட்கமில்லை, நன்றாக இழுத்தேன். தேர் எங்கள் பக்கம் இரண்டு ஆள் நீளம் வந்தது. அப்பா என் முதுகில் அறைந்தார். வாழ்த்தா கட்டளையா தெரியவில்லை. இரண்டுமாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது மறு பக்கம் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார்கள். வடம் கையைக் கிழித்துக்கொண்டு போனது. கூட்டம் அலையாக வந்து என்னைத் தூக்கிச் சுழற்றி ஒரு கடைப் படியில் போட்டது. எழும்பிப் பார்த்தேன். நான்கு பக்கமும் ஒரே செங்கல், ஒரே ஜாக்கெட், ஒரே கூச்சல். தேர் அதே தேர்.

எனக்கு முன்னால் வடம் நிலத்தில் கிடந்தது.

பிடித்திருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சறுக்கி விழுந்து குவியலாகக் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தேர்களில் வடம் நிலத்தில் கிடக்கக் கூடாது. கண்டவன் எடுப்பான். யாருடையது, எவ்வளவு பாரம் என்று கேட்கிற வழக்கமில்லை. எடுத்த பிறகுதான் மூச்சே விடுவது.

ஓடினேன். எடுத்தேன். தோளில் போட்டேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "அரோகரா!"

விழுந்து கிடந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திருநீறு பூசிய, சட்டையில்லாத ஒரு கறுவல் தன்னந்தனியாகத் தேரை இழுக்கிறான். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துப் போனது. எழும்பி ஓடி வந்தார்கள். "ஹரோஹரா!" என்று ஐம்பது குரல் திருப்பிக் கத்தியது. பிறகு நூறு. கால்கள் ஒரே நேரத்தில் கல்லில் ஊன்றின. தேர் முனகியது. அசைந்தது.

மாடியில் சரிதா நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நானும் ஒரு கையை ஆட்டினேன்.

அடுத்த இழுவையில் தேர் திரும்பியது. இரண்டு சில்லுக்கு நடுவில், அந்தப் பக்கத்து வடத்தின் தலைப்பில், தயிர்க்கடைக்காரரின் முகம் தெரிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளங்கிவிட்டது. விட்டிருக்கலாம். விடவில்லை. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை: ஓடுகிற தேரின் வடத்தை விட்டு எனக்குப் பழக்கமில்லை.

வைரவர் கீழூருக்குப் போனார். கீழூர் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்கள்.

## பிளாஸ்டிக் வாளி

பயணத்தில் ஒரே ஒரு நேரம்தான் எனக்குப் பயம் வந்தது. அது தயிர்க்கடைக்குத் திரும்பி நடந்த நேரம். மகனின் பெயரால் வந்து, மகன் விட்ட இடத்தில் நின்று, மகனைவிடப் பெரிய துரோகம் செய்திருக்கிறேன். அவர் வராமல் தோற்றது ஒரு தோல்வி. வந்த ஆள் எதிர்ப்பக்கம் இழுத்துத் தோற்றதை எதில் சேர்ப்பது?

கடைக்குள் அப்பா ஸ்டூலில் இருந்தார். கையில் சரிதாவின் போன். அதில் நான். ஊரே எடுத்த வீடியோ. அரோகரா சத்தம் மறுபடி மறுபடி கேட்டது.

நான் கையைக் கூப்பினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. சரிதாவிடம் மூன்று சொல் சொன்னார். சரிதா போனையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். அப்பா மறுபடி சொன்னார்.

"என்ன?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் போன் அடி என்கிறார்." சரிதா போனை வாங்கினார். "சுஜனுக்கு."

பாரிஸில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். இரண்டாவது தரம் மணி அடித்ததும் எடுத்தார். தங்கை என்று நினைத்து எடுத்தவர், திரையில் அப்பாவின் முகத்தைக் கண்டதும் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா தொடங்கினார்.

நான் அந்த மொழியில் ஒரு சொல்லும் அறியேன். ஆனால் ஏச்சு விளங்குவதற்கு மொழி தேவையில்லை. என் பெயர் நாலைந்து முறை வந்தது. 'பாரிஸ்' வந்தது. என் வேட்டியைச் சுட்டிக் காட்டினார். போனை என் பக்கம் திருப்பி, ஆதாரமாக என்னைக் காட்டி, திரும்பவும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏழு வருடம் சேர்த்து வைத்தது ஒரே வீச்சில் வந்தது. சுஜன் அண்ணை நடுவில் ஒரு சொல், இரண்டு சொல். பிறகு தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம்.

சரிதா சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்து எனக்குச் சொன்னார்:

"பக்கம் தெரியாதவனை அனுப்பியிருக்கிறாய் என்கிறார்... அண்ணன், அவன் நல்ல பெடியன் என்கிறான்... அப்பா, நல்ல பெடியன்தான், கழுதை மாதிரி இழுக்கிறான், ஆனால் கீழூருக்கு இழுக்கிறான் என்கிறார்... இப்போது வேறு விஷயம். அங்கே தயிர் கிடைக்குமா என்று கேட்கிறார்."

"என்ன சொன்னார்?"

"கிடைக்கும், பிளாஸ்டிக் வாளியில் வரும் என்றான்."

கடையே அதிர்ந்தது. அப்பா ஸ்டூலிலிருந்து எழும்பிவிட்டார். தேரை விட்டுவிட்டார், என்னை விட்டுவிட்டார். பிளாஸ்டிக்கில் தயிரா? மண் சட்டியில்லாமல் தயிரின் தண்ணியை எது குடிக்கும்? மண் சட்டியொன்றைத் தூக்கித் திரைக்கு முன்னால் தட்டித் தட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் சுஜன் அண்ணை சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அப்பா குரலைத் தணித்து ஒன்று சொன்னார். சரிதா அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. போன் வைத்த பிறகுதான் சொன்னார்.

"இனி யாரையும் அனுப்பாதே. இடம் வெறுமையாகக் கிடந்தால் கிடக்கட்டும். நீ வா."

## ஒரு கையெழுத்து

பாரிஸுக்குத் திரும்பி, கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, பையோடு நேரே கடைக்குப் போனேன். சுஜன் அண்ணை என் பிடரியில் ஒன்று போட்டார். பிறகு கட்டிப் பிடித்தார்.

"கீழூருக்கே இழுத்தனி, விசரா?"

"கயிறு நிலத்தில கிடந்தது அண்ணை."

"கிடக்கட்டுமே! அவன்ர கயிறு, அவன் எடுப்பான்!"

"உங்கட அப்பா கதைச்சவர்தானே?"

"ஓம், கதைச்சவர்." தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கதைக்கிறார், கதைக்கிறார், நிப்பாட்டுறார் இல்லை."

அது உண்மை. இப்போது சனிக்கிழமை தவறாமல் அப்பாவே அடிக்கிறார். தங்கைக்குப் போன் கிடைப்பதில்லை. பாலின் விலை, கீழூர் ஆட்களின் திமிர், சரிதாவின் கலியாணப் பேச்சு, பிளாஸ்டிக் வாளி. ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது அதே கேள்வி: எப்போது வருகிறாய்?

ஆகவே இந்தக் குளிர்காலம் முழுக்க நான் சுஜன் அண்ணையின் பைலைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். வேலை செய்த வருடங்களைக் காட்டிக் கார்ட் கேட்கலாம். சம்பளத் துண்டுகள் மாத வரிசையில் இருக்கின்றன. வீட்டு வாடகைக் கடிதம் இருக்கிறது. நானே எழுதிய, பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு பிரெஞ்சுக் கடிதம் இருக்கிறது. கார்ட் கொடுக்கிற பொபினி பிரெபெக்சரில் ரந்தேவு எடுத்து நாளும் குறித்தாயிற்று. இல்லாதது ஒன்று: முதலாளி கையெழுத்திட வேண்டிய படிவம்.

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர். "சைன் வைச்சால் கொன்றோல் எண்டு சோதனைக்கு வருவாங்கள் தம்பி, கடையைத் தலைகீழாக்குவாங்கள்" என்கிறார். நான் சட்டத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். "நீ நல்லாப் படிச்சிருக்கிறாய்" என்று சொல்லி ஒரு தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார். என் வழி சரிவரவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை வேறு வழி. காலை பத்து மணிக்கு, கடை திறக்க முன்பு, முதலாளி கணக்குக் கொப்பியோடு முன் மேசையில் தனியாக இருக்கிற நேரம். பக்தபூரில் அப்போது பின்னேரம் மூன்று மணி ஆகப்போகும். தயிர்க்கடைக்காரர் வீடியோவில் வருகிறார். நேற்றே பேசி முடித்தாயிற்று. தகப்பனோடு தகப்பனாக அவரே முதலாளியிடம் கதைக்கப் போகிறார். தமிழில் சொல்ல சுஜன் அண்ணை நிற்பார். அப்பா சொல்கிற எதையும் மெதுவாக்கிச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

முதலாளி எவ்வளவு நேரம் தாங்குவார் என்று தெரியாது. என் கணக்குப்படி இருபது நிமிடம். படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் சின்னக் குறியும் போட்டு, எழுதுகிறதா என்று சரிபார்த்த இரண்டு பேனையோடு நான் மேசையின் இந்தப் பக்கம் இருப்பேன்.